சிந்தாமணி கணினி நிலையத்துக்கு வந்த விருந்தாளிகள்

காங்கேயத்துக்குத் தெற்கே, வரைபடத்தின் மடிப்பு சரியாக மேலே விழுவதால் பெயர் அழிந்துபோன இச்சிவலசு என்கிற ஊரில், வாசலில் நின்று "வரலாமுங்களா?" என்று கேட்ட எவரிடமும் "வேண்டாம்" என்று சொல்கிற வழக்கம் கிடையாது. இதற்குக் காரணமாக மூன்று கதைகள் சொல்லப்படுகின்றன. முதல் கதையில், தாகத்தோடு வந்தவனை விரட்டியதற்காக ஊர்க்கிணறு கோபித்துக்கொண்டு பக்கத்து ஊருக்குக் குடிபோனது. இரண்டாவதில், போனது கிணறு அல்ல, குளம். மூன்றாவதில் எதுவுமே போகவில்லை, போய்விடுமோ என்ற பயமே போதுமானதாக இருந்தது. ஆராய்ச்சி மனப்பான்மை உள்ளவர்கள் மூன்றாவதை ஏற்கிறார்கள், மற்றவர்கள் மூன்றையும் ஏற்கிறார்கள், ஏனென்றால் ஏற்காமல் இருப்பதற்கு அவர்களிடம் சொல் இல்லை.

ஆகவே அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் யாரும் படிக்காத கலைக்களஞ்சிய வரிசை ஒன்றும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தண்ணீர் சுத்திகரிப்பான்களும், மனிதர்களுக்கும் எருமைகளுக்கும் தனித்தனியே ஆயுள் காப்பீடும் இருந்தன. விற்பனைப் பயிற்சி பெறும் இளைஞர்களை நிறுவனங்கள் தன்னம்பிக்கை வளர்வதற்காக முதலில் இச்சிவலசுக்குத்தான் அனுப்பின.

அந்த ஊரின் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி சிந்தாமணி கணினி நிலையம் இருந்தது. பட்டா, சாதிச் சான்றிதழ், தேர்வு முடிவு, வண்டிக் காப்பீடு என்று ஊருக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே நடந்த எல்லாப் பேச்சும் அங்கே இருந்த ஒரே கணினி வழியாகத்தான் போனது. சிந்தாமணிக்கு வயது முப்பத்தொன்று. சுழலும் நாற்காலி என்று சொல்லி விற்கப்பட்டு ஒருபோதும் சுழலாத நாற்காலியில் அமர்ந்து, காலையில் கடையைத் திறக்கும்போது கணினி முனகிக்கொண்டு கண்விழிப்பதைப் பார்ப்பதைவிட அவளுக்குப் பிடித்த காட்சி உலகத்தில் வேறு இல்லை. ஆனால் சித்திரையில் மருதாசலம் என்கிற கயிற்று மில்காரர் பெண் பார்க்க வந்தார். "கட்டிக்கலாமுங்களா?" என்று அவர் வீட்டார் கேட்டார்கள், அவள் "கட்டிக்கலாமுங்க" என்றாள். "கல்யாணத்துக்கப்புறம் கடையைச் சாத்திடலாமுங்களே?" என்று அவருடைய தாயார் கேட்டார், அவள் "சாத்திடலாமுங்க" என்றாள். மருதாசலத்திடம் குறை ஒன்றும் இல்லை. சத்தமாக மூச்சு விடுவார், தேங்காய் நாரைத் தவிர வேறெதைப் பற்றியும் பேச மாட்டார், அவ்வளவுதான். அவளுக்கு அவர் தேவைப்படவில்லை, கடை தேவைப்பட்டது. இதைத் தன் தாய் பாவாயியிடம்கூட அவள் சொல்லவில்லை. எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே வடிவமைக்க உட்கார்ந்த சிந்தாமணி, இலவசமாகப் பத்திரிகை செய்து தருவதாகச் சொன்ன ஓர் இணையதளத்துக்குள் நுழைந்தாள். 'அறிவிப்புகளைக் காட்டலாமா?' என்று அது கேட்டது. கேட்டவரைக் காக்க வைப்பது முறையல்ல என்பதால் 'அனுமதி' என்ற இடத்தை அழுத்தினாள். அழகான எழுத்துருக்கள் வேண்டுமா என்று கேட்டது, அதையும் இறக்கிக்கொண்டாள். கணினியைத் துப்புரவு செய்யும் மென்பொருள் ஒன்றைச் சேர்த்து வைக்கலாமா என்று கேட்டது, பாவம் வைக்கட்டும் என்றாள். அப்போது திரையிலிருந்து ஒரு பலகை, கதவு உயரமும் அப்பள மெலிவும் கொண்டது, மேசையில் காலூன்றித் தரையில் இறங்கி, அவளுக்கும் கணினிக்கும் நடுவே நின்று, 'வாழ்த்துகள்! நீங்கள் ஒரு கைப்பேசி வென்றுள்ளீர்கள்!' என்று மஞ்சளும் சிவப்புமாகக் கண்சிமிட்டியது.

சிந்தாமணி எழுந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தாள். அந்த ஊரில் யார் வந்தாலும் முதலில் தண்ணீர்தான்.

கணினி படித்தவர்கள் இதைப் பாப்-அப் என்பார்கள். கலைச்சொல் அகராதிகளில் இதற்கு வேறு வேறு பெயர்கள் உண்டு, ஒன்றைப் பயன்படுத்துபவர் மற்றொன்றைப் பயன்படுத்துபவரோடு பேசுவதில்லை. இச்சிவலசு அதை விருந்தாளி என்றது. மதியத்துக்குள் கடை நிறைய விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், மாலையில் கடை கொள்ளாமல் தெருவுக்கு இறங்கினார்கள், மறுநாள் ஒவ்வொரு வாசலாக நின்று 'காட்டலாமா?' என்று கேட்டார்கள், ஒவ்வொரு வாசலிலும் "அட, வாங்க, உள்ள வாங்க" என்றார்கள்.

விருந்தாளிகளிடம் ஒரே ஒரு பழக்கம்தான் சங்கடமாக இருந்தது. எதை ஒருவர் மிகவும் பார்க்க விரும்புகிறாரோ அதன் முன்னால் போய் நின்றார்கள். தொலைக்காட்சியின் முன்னால் நின்றார்கள், கொதிக்கும் உலையின் முன்னால் நின்றார்கள். கோயிலில் தீபாராதனை நேரத்தில் கருவறைக்கு முன்னால் நின்றதால், கன்னத்தில் போட்டுக்கொண்டு கண் திறந்த பக்தர்கள் 'உங்கள் முடி உதிர்கிறதா?' என்ற வினாவைத் தரிசித்துவிட்டுத் தலையைத் தடவியபடி வீடு திரும்பினார்கள். பூசாரி இரண்டு நாள் பொறுத்துவிட்டு, மூன்றாம் நாள் பலகைக்கும் சேர்த்துத் தீபம் காட்டத் தொடங்கினார்.

வந்தவர்களை வைத்துக்கொண்டு வாழப் பழகுவதில் அந்த ஊருக்கு நல்ல தேர்ச்சி உண்டு. பெண்கள் பலகைகளின் மேல் விளிம்பில் சேலை காயப்போட்டார்கள். பங்காளிச் சண்டையில் பத்து வருடமாகப் பேசாத அண்ணனும் தம்பியும் நடுவே ஒரு பலகை வந்து நின்றதும், ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க இனி முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்று நிம்மதியடைந்தார்கள். பலகையின் மூலையில் இருந்த சின்னஞ்சிறு பெருக்கல் குறியை, அதுதான் மூடும் வழி என்று நினைத்து, முடிதிருத்தும் கருப்பண்ணன் சீப்பு முனையால் அழுத்திப் பார்த்தார். அது பொத்தான் அல்ல, பொத்தானைப் போல் வரைந்த படம். பலகை நடுவில் பிரிந்து இரண்டானது. செய்தி கேட்ட பெண்கள், முன்பே தெரிந்திருந்தால் வளையல் போட்டிருக்கலாமே என்று வருந்தி, அடுத்து யாரோ அழுத்தவிருந்த பலகைக்கு முறைப்படி வளைகாப்பு நடத்தி ஐந்து வகைச் சாதம் படைத்தார்கள்.

சிவப்புப் பலகை ஒன்று மட்டும் கொஞ்சம் கடுமையானது. 'எச்சரிக்கை! ஐந்து வைரஸ்கள் கண்டறியப்பட்டன! உடனே இந்த எண்ணை அழையுங்கள்!' என்று அலறிக்கொண்டே ஊரைச் சுற்றியது. கணினியையே பார்த்திராதவர்கள் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்கள். ஓர் எருமையின் முன்னால் நின்று அது அலறியபோது கால்நடை மருத்துவர் வரவழைக்கப்பட்டார். எருமைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், இத்தனை தூரம் சொல்லுகிறதே என்று மரியாதைக்கு ஓர் ஊசி போட்டுவிட்டுப் போனார்.

பாவாயி அந்த எண்ணை அழைத்தார். மறுமுனையில் இனிய குரலில் ஒருவர், உங்கள் கணினி பேராபத்தில் இருக்கிறது, நான் சொல்வதை மட்டும் அழுத்துங்கள், வங்கி விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"வைக்கறனுங்க. நீங்க சாப்டீங்களா?" என்றார் பாவாயி.

"அம்மா, நேரமில்லை, உங்கள் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்."

"சொல்லறனுங்க. அதுக்கு மொதல்ல என்ற முட்டிவலியச் சொல்லிப்போடறேன், அது எங்க தொடங்குச்சுன்னா..."

மூட்டுவலி, அதற்கு முந்தைய பிரசவம், அதற்கு முந்தைய வறட்சி என்று கதை பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த மோசடிக்காரர் தழுதழுத்த குரலில் "போதும்மா, எனக்கு எதுவும் வேண்டாம்மா" என்று வைத்துவிட்டார். அந்தச் சொல் இச்சிவலசு வீடொன்றுக்குள் ஒலித்தது அதுவே முதல் முறை, அதுவும் தொலைபேசி வழியாக வந்ததால் கணக்கில் சேரவில்லை.

ஊர் பழகிவிட்டது, சிந்தாமணியால் முடியவில்லை. கணினியின் முன்னால் பலகைகள் வேலிபோல் நின்றதால் ஒரு சான்றிதழும் எடுக்க முடியாமல், கல்யாணத்துக்கு முன்பே கடை தானாகச் செத்துக்கொண்டிருந்தது. இருக்கும் கொஞ்ச நாளாவது அது உயிரோடு இருக்கட்டும் என்று, திருப்பூரில் கணினி பழுது பார்க்கும் பெனாசிரைத் தொலைபேசியில் அழைத்தாள். பெனாசிர் மேலப்பாளையத்துக்காரி, சிந்தாமணி வயதுதான், ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது "முடியாது" என்று சொல்லிப் பிழைப்பவள். பேருந்திலிருந்து இறங்கி, நலம் விசாரிக்கக் குனிந்த இரண்டு பலகைகளை முழங்கையால் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"இத்தனை பேருக்கும் அனுமதி கொடுத்தது யாரு?"

"நாந்தானுங்க. கேட்டாங்க."

"கேட்டா கொடுத்துருவீயளா? வீட்டுச் சாவியக் கேட்டா?"

"இதுவரைக்கும் யாரும் கேக்கலைங்க."

பெனாசிர் வேலையில் இறங்கினாள். முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கினாள். பலகைகளின் மூலையில் இருந்த குறியைத் தொடவே இல்லை, விசைப்பலகை வழியாகப் பிரவுசரையே கழுத்தைப் பிடித்து மூடினாள். எழுத்துருவோடு ஒட்டிவந்த துப்புரவு மென்பொருளைக் கண்டுபிடித்து, "திருடனே காவக்காரன் சட்டையப் போட்டுட்டு வந்துருக்கான்" என்று திட்டிக்கொண்டே நீக்கினாள். பிரவுசரில் யாரும் அழைக்காமல் குடியேறியிருந்த நீட்டிப்பு நிரல்களைக் களைந்தாள். அமைப்புகளுக்குள் போய், அறிவிப்பு காட்ட அனுமதி பெற்றிருந்த தளங்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். தான் கொண்டுவந்திருந்த நல்ல வைரஸ் தடுப்பு மென்பொருளை ஓடவிட்டாள். ஒவ்வொரு வெட்டுக்கும் தெருவில் ஒரு பலகை வெளிறி, காயப்போட்ட சேலையைக் கீழே போட்டுவிட்டு, ஊர் எல்லையை நோக்கி நடந்தது.

ஆனால் எல்லைக்குப் போன பலகைகள் அங்கிருந்து திரும்பிப் பார்த்து 'காட்டலாமா?' என்று கேட்டன. தெருவே ஒரே குரலில், யோசிக்காமல், பழக்கதோஷத்தில், "வாங்க, வாங்க" என்றது. அந்தக் குரல்களில் சிந்தாமணியின் குரலும் இருந்தது.

மூன்று முறை இப்படி நடந்த பிறகு பெனாசிர் சுழலாத நாற்காலியில் சாய்ந்தாள். "மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. உங்க வாயிலதான் கோளாறு. அடுத்த தடவ வந்தா வேண்டாம்னு சொல்லுங்க."

கடை வாசலில் கூடியிருந்த ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வார்டு உறுப்பினர் குழந்தைசாமி, துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "அம்முணி, வேற நல்ல வார்த்தையாப் பாருங்களேன். 'அப்புறம் பாக்கலாமுங்க'ன்னு சொன்னா ஆகாதுங்களா? அவங்க மனசும் நோகாது."

"அதுலதான் அதுக உயிரே இருக்கு. 'பிறகு நினைவூட்டு'ன்னு ஒரு பொத்தானையே வச்சிருக்குதுக, பாக்கலயா? அஞ்சே நிமிசத்துல திரும்ப வந்து நிக்கும்."

சொல்லிப் பார்த்தார்கள், ஐந்தே நிமிடத்தில் வந்து நின்றன.

பெனாசிர் சிந்தாமணியை மேசைக்கு எதிரே உட்கார வைத்தாள். "நான் பேப்பர் விக்க வந்தவ. சந்தா கட்டுதீயளா?"

"வே..." என்றாள் சிந்தாமணி. விக்கல் வந்தது.

"தண்ணி குடிங்க. இன்னொரு தடவ. சந்தா கட்டுதீயளா?"

"வே... வேணுமுங்க."

"எத்தன வருசத்துக்கு?"

"நீங்க எத்தன சொன்னாலும் சரிங்க."

பெனாசிர் தலையில் கைவைத்தாள். "ஒங்களுக்கு உண்மையிலயே வேண்டாங்கிற சாமான் ஒண்ணுகூடவா இல்ல? அத நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க." சிந்தாமணி மேசையின் மேல் கிடந்த, பாதி வடிவமைத்து அச்சிட்ட பத்திரிகையில் மருதாசலத்தின் பெயரை விரலால் மூடினாள், பிறகு விரலை எடுத்துவிட்டாள். பெனாசிர் அதைப் பார்த்தாள். அடுத்த பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவள், கடை வாசலில் நின்று, "இது நான் வந்து பண்ணித் தர்ற வேல இல்லக்கா, நீங்கதான் பண்ணணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆவணியில் கல்யாணம் வந்தது. விருந்தாளிகளைக் கூப்பிடாமல் இருப்பது முறையாகாது என்பதால் ஊரார் பலகைகளுக்கும் தாம்பூலம் வைத்து அழைத்திருந்தார்கள். பந்தலின் முன்வரிசை முழுவதையும் அவை பிடித்துக்கொண்டன, மிச்சம் மேடையேறின. மணமக்கள் ஒருவரையொருவர் பார்க்கும் நேரம் வந்தபோது நடுவே 'உங்கள் அருகில் வீட்டுமனைகள்!' நின்றது, அதன் பின்னால் 'பத்தே நாளில் ஆங்கிலம்!' நின்றது, அவற்றுக்கு அப்பால் எங்கேயோ மருதாசலத்தின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

கொங்குக் கல்யாணங்களைச் சீர் தவறாமல் நடத்திவைக்கும் அருமைக்காரர், இச்சிவலசு வழக்கப்படி, யாரும் ஒருபோதும் யோசித்து விடை சொல்லாத அந்தக் கேள்வியைச் சபையில் கேட்டார். "பொண்ணு கிட்டக் கேட்டுக்கறனுங்க. தாலி கட்டலாமுங்களா?"

அதே நொடியில் மேடையில் இருந்த பலகைகளும் அவள் பக்கம் திரும்பின. காட்டலாமா, அனுப்பலாமா, சேர்க்கலாமா, உங்கள் இருப்பிடத்தை அறியலாமா, உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா என்று அவை கேட்க, அருமைக்காரரின் கேள்வியும் அந்த வரிசையில் கடைசியாக வந்து நின்றுகொண்டது. அப்போதுதான் சிந்தாமணிக்கு, தன் வாழ்க்கையில் இதுவரை கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளுக்கும் கீழே ஒரே ஒரு பொத்தான் மட்டுமே இருந்திருக்கிறது என்பது தெரிந்தது. விக்கல் வந்தது. விழுங்கினாள். மறுபடி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

"வேண்டாமுங்க."

நாதஸ்வரக்காரர் ஊதிய காற்று குழலுக்குள்ளேயே நின்றது. ஊரே கிணறு இருக்கும் திசையில் திரும்பிப் பார்த்தது. முன்வரிசைப் பலகைகள் எழுந்தன, மஞ்சள் வெளுத்துச் சிவப்பு வெளுத்து நூலாக மெலிந்து, பந்தலின் இடுக்குகள் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. எல்லையில் நின்று திரும்பிக் கேட்டனவா என்பது தெரியாது, கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் அன்று யாரும் இல்லை.

ஒரே ஒரு பலகை போகவில்லை. அது இதுவரை யாரும் பார்க்காத சாம்பல் நிறத்தில், கண்சிமிட்டாமல், அவள் முன்னால் வந்து நின்றது. அதில் இப்படி இருந்தது: 'நிச்சயமாகவா?' கீழே இரண்டு பொத்தான்கள், 'ஆம்' என்று ஒன்று, 'ரத்து' என்று ஒன்று.

சிந்தாமணி மருதாணி இட்ட விரலை நீட்டி 'ஆம்' என்பதை அழுத்தினாள். அவள் பிறந்ததிலிருந்து எத்தனையோ ஆமாம் சொல்லியிருந்தாள், யோசித்துச் சொன்னது இதைத்தான்.

பலகை மறைந்ததும் எதிரே மருதாசலம் தெரிந்தார். கையில் தாலியோடு, வாய் திறந்தபடி இருந்தார்.

"உங்களத்தானுங்க சொன்னேன்," என்றாள். "மன்னிச்சுக்கோணும். உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க. எனக்குக் கடை வேணுமுங்க."

மருதாசலம் நெடுநேரம் மூச்சு விட்டார். பிறகு, ரகசியம் கேட்பவர்போலக் குனிந்து, "இப்படிச் சொல்லலாமுங்களா?" என்றார்.

"சொல்லலாமாட்ட இருக்குதுங்க."

அவர் அண்ணாந்து பந்தலைப் பார்த்தார், அது விழவில்லை. தாலியை அருமைக்காரரின் தட்டில் பத்திரமாக வைத்தார். தன் தாயார் பக்கம் திரும்பினார். "அம்மா, எனக்கு மில்லு வேண்டாமுங்க. நார்த்தூசி ஆகறதில்ல. சின்னதுல இருந்தே மூச்சு அடைக்குது." அவருடைய தாயார் மயங்கி விழுவதற்காக, விருந்தாளிகள் காலிசெய்த முன்வரிசை நாற்காலிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

சமைத்ததை வீணாக்குவது எந்த வழக்கத்திலும் இல்லை என்பதால் எல்லாரும் சாப்பிட்டார்கள். மருதாசலம் இலையில் உட்கார்ந்து, இரண்டாம் முறை பாயசம் வந்தபோது கையை இலைக்கு மேல் வைத்து "வேண்டாமுங்க" என்றார். ரசம் வந்தபோதும் சொன்னார். மோர் வந்தபோது, அது அவருக்குப் பிடிக்கும் என்றாலும், சொல்லிப் பார்க்கும் ஆசையில் சொல்லிவிட்டு, பரிமாறுபவர் இரண்டு எட்டு போனதும் திரும்பக் கூப்பிட்டு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் சிந்தாமணி கடையைத் திறந்தாள். கணினி முனகிக்கொண்டு கண்விழித்தது. திரைக்கும் அவளுக்கும் நடுவே காற்றுதான் இருந்தது. முதல் ஆளாகக் குழந்தைசாமி வந்து, உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த பென் டிரைவ் ஒன்றைக் காட்டினார்.

"யாருதுங்க?"

"தெரியலீங்க அம்முணி. நிறுத்தத்துல அநாதையாக் கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல சொருகிப் பாக்கலாமுங்களா?"

"வேண்டாமுங்க."

குழந்தைசாமியின் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. "இன்னொரு வாட்டி சொல்லுங்களேன்," என்றார். அவள் சொன்னாள். அவர் வெளியே போய்க் கருப்பண்ணனிடம் சொன்னார், கருப்பண்ணன் தெருவுக்குச் சொன்னார். மதியத்துக்குள் கடை முன்னால் வரிசை நின்றது. ஒருவர் காலாவதியான உரிமத்தைக் கொண்டுவந்து தேதியைத் திருத்தித் தரலாமா என்று கேட்டார், ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியின் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டாள். இன்னொருவர் கேட்க எதுவும் இல்லாமல் சும்மா நின்றார், அவருக்கும் சொல்லப்பட்டது. எல்லாரும் தமக்கு நேராகச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு, சிந்திவிடாமல், மெல்ல நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

வரிசையின் கடைசியில் பாவாயி நின்றிருந்தார். கல்யாணப் பந்தலிலிருந்து வந்தபின் அவர் மகளிடம் பேசவில்லை. தன் முறை வந்ததும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, "சோறு வெச்சுட்டேன். வந்து உங்கறயா கண்ணு?" என்றார்.

சிந்தாமணி திரையைப் பார்த்தாள். வைகாசியிலிருந்து தேங்கிக் கிடந்த சான்றிதழ்கள் வரிசையாகத் தெரிந்தன.

"இப்ப வேண்டாம்மா. வேலை கெடக்குது."

வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பாவாயி அதட்டுவார், அழுவார், ஒரு வாயாவது என்று கெஞ்சுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"சரி," என்றார் பாவாயி. வெயில் திரையில் அடிக்காதபடி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, வரிசையில் இன்னும் யாராவது வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுவதற்காக வெளியே படியில் உட்கார்ந்துகொண்டார்.